ஒரு சுண்டு தவிடு

தம்பி உள்ள அக்காமாருக்கென்றே இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் என்னைப் பொல்லாதவள் என்பார்கள். மூட்டு வலிக்கு எண்ணெய் பூசிக்கொண்டே பழசுகளை நினைத்துப் பல்லைக் கடிக்கிற என் வயதுக்காரிகள் நீங்கள் விளங்கிக்கொள்வீர்கள். பொறாமை கெட்டது, அது பிடித்தவரையே தின்றுவிடும் என்று சின்னனில் இருந்தே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எனக்கு அது சோறு போட்டிருக்கிறது.

என் தம்பி முருகனுடைய பிள்ளை. ஒப்புக்குச் சொல்லவில்லை, ஊரறிய அப்படித்தான். எனக்குப் பிறகு அம்மாவுக்குப் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் தவழ முன்பே போய்விட்டார்கள். அடுத்ததாக இவன் பிறந்ததும் அம்மா பயந்துபோனார். பிள்ளை பெற்ற துடக்குக் கழிந்த அன்று இவனைச் சுளகில் வளர்த்திக் கோவிலுக்குக் கொண்டுபோய், மயிலுக்கு முன்னால் வைத்து, "இது உன்ரை பிள்ளை, நீயே வைச்சுக்கொள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் வெளியே வந்தாராம். பிறகு முன்பின் அறியாதவர் போல உள்ளே போய், "ஐயா, இந்தப் பிள்ளையை எனக்கு விப்பியளோ?" என்று கோவில் ஐயரிடம் கேட்டு, ஒரு சுண்டு தவிட்டைக் கொடுத்து அவனை வாங்கினாராம். சுண்டென்றால் ஒரு பால் தகரப்பேணி அளவு. நானும் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேனாம். எனக்கு அது ஞாபகமில்லை.

வாங்கி வந்த நாளிலிருந்து வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். மூக்கில் ஒரு சின்ன வளையம். தலைமயிர் வெட்டாமல் உச்சியில் குடுமி. கோவில் பிள்ளைக்கு யாரும் கை நீட்டக்கூடாது. அவன் ஊறுகாய்ப் பரணியைப் போட்டுடைத்தான். "நீ என்ன பாத்துக்கொண்டு நிண்டனியோ?" என்று அடி எனக்கு விழுந்தது. முற்றத்து மாமரத்தில் முதல் பழம் அவனுக்கு. நடக்கப் பஞ்சிப்பட்டுச் சிணுங்கினால் அவனைத் தூக்கிக்கொண்டு போக என் இடுப்பு. ஐந்து வயது தாண்டியும் ஒழுங்கையில் காலை ஆட்டிக்கொண்டு என் இடுப்பில்தான் வருவான். எதிரே வருகிறவர்கள் அவன் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சுமக்கிற என்னை ஒருவரும் பார்ப்பதில்லை. மாட்டு வண்டிலில் சாமி வந்தால் மாட்டை யார் கும்பிடுகிறார்கள்?

நான் சொல்லப்போகிற காலம் எழுபதுகளின் தொடக்கம். பேக்கரியில் பாணுக்கு வரிசை. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டுபோனால் வழியில் மறித்துப் பறிக்கிற காலம். உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. அந்த ஆண்டு ஆடியில் அப்பா பலா மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தார். சாவகச்சேரி ஆசுப்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு வந்து, சாக்குக் கட்டிலில் படுத்தபடி எல்லோருக்கும் கட்டளை போடுவார். தோட்டம் தரிசாய்க் கிடந்தது. அம்மா வளவில் கிடைத்த முருங்கைக்காய், வாழைப்பொத்தி, வெற்றிலை எல்லாவற்றையும் கட்டித் தருவார். காலையில் அதைச் சந்தை மாமி வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா அவர். புருசன் தெற்கே கடையில் நின்றவர், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். பிள்ளை இல்லை. கொடிகாமம் சந்தையில் மாமியின் வாய்க்குப் பயப்படாத வியாபாரி இல்லை.

வீட்டில் மரவள்ளிக் கிழங்கு. மறுநாளும் மரவள்ளிக் கிழங்கு. இடையில் குரக்கன் பிட்டு வந்தால் கொண்டாட்டம். கூப்பன் அரிசி வரும். அதை அம்மா சின்ன முட்டியில் தனியாகப் பொங்குவார். "முருகன்டை பிள்ளைக்குக் கிழங்கைக் குடுக்கேலாது" என்று அப்பா கட்டிலிலிருந்து சொல்லிவிட்டார். அவன் வெள்ளைச் சோற்றைப் பிசைந்து, ஒவ்வொரு வாய்க்கும் என்னை ஒருமுறை பார்த்துத் தின்பான். ஒருநாள் ஒரு உருண்டை நீட்டவும் செய்தான். வேண்டாம் என்றேன். அந்தச் சோற்றின் மணம் வீட்டு மூலையெல்லாம் நிற்கும். வயிறு பசியில் எரிந்ததா பொறாமையில் எரிந்ததா என்று கேட்டால், இரண்டும்தான். ஆனால் பசி சாப்பிட்டால் போய்விடும்.

ஐப்பசி வந்தது. அடைமழை. வெள்ளத்தால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. கந்த சஷ்டி தொடங்கியதும் அம்மா ஆறு நாளும் சோறு தொடாமல் இளநீரோடு விரதம். பின்னேரங்களில் கோவில் மண்டபத்தில் புராணம் படிப்பார்கள். ஒருவர் பாட்டை இழுத்துப் படிப்பார், எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் பயன் சொல்லுவார், அதாவது பொருள் சொல்லுவார். தம்பியை முன்வரிசையில், வாத்தியாருக்குப் பக்கத்தில், பாய் போட்டு இருத்துவார்கள். நான் ஈரப் பாவாடையோடு தூணடியில்.

இரண்டாம் நாள் முருகன் பிறந்த கதை. பொய்கையில் ஆறு குழந்தைகள், அவர்களுக்குப் பால் கொடுத்து வளர்க்க ஆறு கார்த்திகைப் பெண்கள். வாத்தியார் நன்றாகச் சொல்லுவார். அந்தப் பெண்கள் ஆளுக்கொரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. பிறகு ஒருநாள் தாய் வருகிறார். ஆறு பிள்ளைகளையும் சேர்த்துக் கட்டிப்பிடித்து ஒன்றாக்கி மடியில் வைத்துக்கொள்கிறார். சனம் "அரோகரா" என்றது. எனக்கு அரோகரா வரவில்லை. அந்த ஆறு பேரும் வெறும் இடுப்போடு கரையில் நின்றார்களே என்ற நினைப்புத்தான். அதுவரை புராணத்தில் எனக்கு ஓர் இடம் இருப்பதாக நான் நினைத்ததே இல்லை. அன்று பளிச்சென்று தெரிந்தது. நான் அந்த ஆறு பேரில் ஒருத்தி.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு அப்போதும் தெரியாது. எழும்பி நின்று கேட்டேன்.

"அப்ப அந்த ஆறு பேருக்கும் அவ என்ன குடுத்தவ?"

படிப்பு நின்றது. "ஆரது?" என்றார் வாத்தியார்.

"பால் குடுத்து வளத்தவைக்கு என்ன குடுத்தவ எண்டு கேக்கிறன். எங்கடை அம்மா தம்பியை வாங்கேக்கை ஐயருக்குத் தவிடு குடுத்தவ."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. வாத்தியாரும் சிரித்துவிட்டு, "அவை வானத்திலை நட்சத்திரமாகினவை, பிள்ளை. அதுக்கு மேலை என்ன வேணும்?" என்றார்.

"வானத்துக்குப் போறதெண்டால் செத்துப் போறதெல்லோ? எங்கடை மற்றத் தம்பியவையும் அங்கை தான் இருக்கினம் எண்டு அம்மா சொன்னவ."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளி வீதிக்கு இழுத்துக்கொண்டு போனார். அடிப்பார் என்று கண்ணை மூடினேன். அடிக்கவில்லை. "வீட்டை போ. நீ இனி உதுக்கு வரவேண்டாம்" என்றார். நான் மழையில் தனியே போனேன். தம்பி பாயில் இருந்தபடியே இருந்தான்.

மூன்றாம் நாள் காலை, முருங்கைக்காய்க் கட்டை மாமி வீட்டு வாசலில் போட்டுவிட்டு, நான் நினைத்துக்கொண்டு போனதைச் சொன்னேன்.

"மாமி, என்னை வாங்குங்கோ."

மாமி கடகத்தில் கத்தரிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "என்ன விலை?"

"விலை ஒண்டும் வேண்டாம். நான் சும்மா வாறன். பிறகு அம்மா வந்து உங்களுக்குத் தவிடு தந்து வாங்குவா. தம்பியை வாங்கின மாதிரி."

"சும்மா வாற சாமானை நான் எடுக்கிறேல்லை. சும்மா வாறதுக்குள்ளை புழு இருக்கும்." உள்ளே போய் ஒரு குட்டான் பனங்கட்டி எடுத்து வந்து என் கையில் வைத்தார். "இந்தா விலை. வித்தது வித்தது தான். பிறகு அழக்கூடாது. கொம்மா வரட்டும், பேசுவம்."

ஓலைக் குட்டானை அங்கேயே பிரித்து வாயில் போட்டேன். என்னையும் ஒருவர் விலை கொடுத்து வாங்கிவிட்டார். அந்த இனிப்பு இப்போதும் நாக்கில் நிற்கிறது.

தெருவால் போன பக்கத்து வீட்டுக்காரியிடம் மாமி வேலிக்கு மேலால் சொல்லி அனுப்பினார். "மோளை நான் வாங்கிப்போட்டன் எண்டு மச்சாளிட்டைச் சொல்லு. தவிட்டோடை வந்து மீட்டுக்கொண்டு போகட்டாம்." பின்னேரம் அவள் பதிலோடு வந்தாள். அம்மா சிரித்தாராம். சிரித்துவிட்டு, "இருக்கட்டும், ஒரு வாய் மிச்சம்" என்றாராம். "பெட்டைக்குச் சோறு தண்ணி கிடைக்குதெல்லோ, தானாய் வருவாள்" என்று அப்பாவும் கட்டிலிலிருந்து சொன்னாராம்.

விளையாட்டு என்று நினைத்திருக்கிறார்கள். இப்போது அது எனக்கு விளங்குகிறது. அப்போது "ஒரு வாய் மிச்சம்" என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது. பஞ்சக் காலத்தில் அது முழுக்கப் பகிடியாகவும் இருக்க முடியாது. சரி, வரும்போது வரட்டும் என்று அங்கேயே தங்கிவிட்டேன். அன்றிலிருந்து என் கண் ஒழுங்கை முடக்கிலேயே இருந்தது. சேலைக்கரை தெரிந்தால் எழும்புவேன். வேறு யாராவதாக இருக்கும்.

மாமி என்னைச் செல்லம் கொஞ்சவில்லை. "வாங்கின மாட்டை வீட்டிலை கட்டி வைக்கேலாது" என்று மறுநாள் விடிய பஸ்ஸில் ஏற்றிக் கொடிகாமத்துக்குக் கொண்டுபோனார். சந்தையில் சாக்கை விரித்து, கத்தரிக்காய்க்குப் பின்னால் என்னை இருத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். மழைத்தூறல். சேறும் அழுகின கீரையும் கலந்த மணம். பக்கத்தில் ஒரு பெண்ணும் கத்தரிக்காய்தான் வைத்திருந்தாள். எங்களுடையதைவிடச் சூம்பல் காய். ஆனாலும் சனம் அவளைச் சுற்றி நின்றது. எனக்கு முன்னால் ஒரு நாய் நின்றது.

அவளைப் பார்த்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! வீட்டில் தம்பியைச் சுற்றி நிற்கிற அதே சனம் இங்கேயும் வந்துவிட்டது போல இருந்தது. ஒரு காயை எடுத்து முறித்துக் கையை உயர்த்தினேன். "அந்தக் காயை முறிச்சுப் பாத்திட்டு வாங்குங்கோ! உள்ளுக்கை என்ன இருக்கெண்டு பாருங்கோ! இஞ்சை முறிச்சுக் காட்டிறன், வந்து பாருங்கோ!" என்று கத்தினேன். எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருந்தது எனக்கே தெரியாது. இரண்டு பேர் திரும்பினார்கள். பிறகு நாலு பேர். மாமி தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்போது சாக்கு பாதி வெறுமையாய்க் கிடந்தது. மாமி பாராட்டவில்லை. முறித்த காயைத் தூக்கிப் பார்த்து, "நல்ல காயை ஏனடி முறிச்சனி?" என்று ஏசினார். ஆனால் அன்று எனக்குத் தேத்தண்ணிக் கடையில் இனிப்பு வாய்ப்பன் வாங்கித் தந்தார்.

பிறகு சாவகச்சேரியில் முப்பது வருசத்துக்கு மேல் நான் கடை வைத்திருந்தேன். என்னத்துக்காகப் பிறந்தேன் என்பது சிலருக்குக் கோவிலில் தெரியவரும், சிலருக்குப் படிப்பில். எனக்குச் சேற்றில், பக்கத்துக்காரியின் கத்தரிக்காயைப் பார்த்து வயிறெரிந்தபோது தெரியவந்தது. ஆனால் அந்தச் சந்தோஷமும் அன்று முழுதாக ஒட்டவில்லை. பஸ்ஸால் இறங்கி நடக்கும்போது, அம்மா வந்து காத்திருப்பார் என்று மாமிக்கு முன்னால் ஓடினேன். வாசலில் ஒருவரும் இல்லை.

ஆறாம் நாள் சூரன் போர். மாமியோடு போய்த் தெற்கு வீதியில் நின்றேன். சூரனைத் தோளில் காவிக்கொண்டு ஆட்டினார்கள். ஆனைத் தலை போய்ச் சிங்கத் தலை வந்தது. மற்றப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் சூரனைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தில், முருகனுக்கு முன்னால், பட்டுத் துண்டு கட்டி, கையில் ஒரு மர வேலோடு தம்பி நின்றான். மழை விட்டு வெயில் எறித்தது. மூக்கு வளையம் மினுங்கியது. "என்ன வடிவு, சின்ன முருகனே தான்" என்று எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள். சூரன் அவன் மேல் விழட்டும் என்று நினைத்தேன். உள்ளதைத்தானே எழுதவேண்டும்.

அவனுக்குப் பின்னால் அம்மா நின்றார். பெருமையில் பூரித்துப்போய் நிற்பார் என்று பார்த்தேன். முகம் அப்படி இல்லை. விரதத்தில் வற்றிப்போய், கண்கள் மட்டும் சனத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. யார் யார் தம்பியைப் பார்க்கிறார்கள் என்று பார்த்தார். விரலில் மையைத் தொட்டு அவன் கன்னத்தில் அப்பினார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள் அல்லவா? நான்கு பிள்ளை பெற்ற பிறகு நான் இதை யோசித்திருக்கிறேன். தவிடு மாட்டுக்கு வைப்பது. தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்றால் எமன்கூட, இது என்னத்துக்குப் பெறும் என்று விட்டுவிட்டுப் போவான். அதற்குத்தான் அந்த விலை. நான் அதைப் பட்டம் கட்டுவதாக நினைத்து ஏங்கினேன்.

சனத்தின் மேல் ஓடிய அம்மாவின் கண் என்னிடம் வந்து நின்றது. நான் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினேன்.

மறுநாள் பாறணை. ஆறு நாள் விரதம் இருந்தவர்கள் விடிய முழுகிச் சமைத்துச் சாப்பிட்டு விரதம் முடிக்கிற நாள். மாமியும் நானும் கத்தரிக்காய்க் காம்பு நறுக்கிக்கொண்டிருந்தோம். படலை திறந்தது. அம்மா. நனைந்த தலையில் துவாய், ஒரு கையில் பிடித்தபடி தம்பி. வேறொன்றும் இல்லை. சுண்டு இல்லை, தவிடு இல்லை. நான் கையை மட்டும்தான் பார்த்தேன்.

"எழும்பு. வீட்டை வா" என்றார் என்னிடம்.

மாமி கத்தியைக் கீழே வைத்தார். "பாறணை முடிச்சிட்டீரே, மச்சாள்?"

"இல்லை."

"என்ன, ஆறு நாள் பட்டினியோடை விடிய வெளிக்கிட்டு வந்திருக்கிறீர்?"

"இலை போட்டனான், மச்சாள். போட்டிட்டுச் சாப்பிட இருக்கேலாமல் கிடந்தது." அம்மா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டார். "இவள் வரட்டும், சாப்பிடுவம்."

மாமிக்கு இரக்கம் உண்டு, ஆனால் வியாபாரம் வியாபாரம். "அது சரி. தவிடு எங்கை? நான் விலை குடுத்து வாங்கின பெட்டை. சும்மா கூட்டிக்கொண்டு போறதெண்டால் களவெல்லோ?"

பகிடிதான். இப்போது அம்மா மடியிலிருந்து எடுப்பார் என்று பார்த்தேன்.

"நான் விக்காத பிள்ளையை நீங்கள் வாங்கி வைச்சிருக்கிறியளே, அதெல்லோ களவு!" என்றார் அம்மா. அது பகிடி இல்லை.

"தன்னைத் தானே வித்தவள், மச்சாள். கேட்டுப் பாரும்."

"தன்னை விக்க இவள் ஆர்? இவள் என்ரை." அம்மா என் தோளைப் பிடித்தார். நகம் பதிந்தது. "ரெண்டைப் பறிகுடுத்த பயத்திலை இவனை முருகனிட்டைக் குடுத்தனான். அண்டைக்கு என்ரை சேலையைப் பிடிச்சுக்கொண்டு இவளும் நிண்டவள். ஐயர் கேட்டவர், இதையும் வைச்சு வாங்கன் பிள்ளை, ரெண்டுக்கும் நல்லதெண்டு. நான் மாட்டன் எண்டிட்டன். இவளை முருகன் வந்து கேட்டாலும் குடுக்கமாட்டன், மச்சாள். ஒரு நிமிசத்துக்கும் குடுக்கமாட்டன். குடுக்காத பிள்ளையை என்னத்துக்கு நான் வாங்கவேணும்?"

சொல்லிவிட்டு, சொன்னது என்ன நாள் என்று நினைவு வந்தவர் போல, அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமி கத்தியை எடுத்துக் காம்பு நறுக்கத் தொடங்கினார். ஒரே காயைத் திரும்பத் திரும்ப நறுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தலை கால் தெரியவில்லை. சாமிக்கு முன்னால், சனத்துக்கு முன்னால், பட்டுத் துண்டோடு நிற்பதெல்லாம் என்ன பெரிய காரியம்? முருகனுக்கே இல்லை என்று சொன்ன பிள்ளை நான். அம்மாவின் இடுப்பில் முகத்தை வைத்து அழுத்தினேன். பசித்த வயிற்றின் சத்தம் காதில் கேட்டது.

அப்போதுதான் தம்பி கேட்டான்.

"அப்ப என்னை ஏனம்மா வித்தனீங்கள்?"

அம்மா குனிந்து அவனைத் தூக்கப் பார்த்தார். அவன் கையை உதறிவிட்டான். அம்மாவுக்குச் சொல்ல நிறைய இருந்திருக்கும், ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். உதடு பிதுங்கி, கண் சுருங்கி, என் தோளில் இருந்த அம்மாவின் கையிலேயே பார்வை. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவன் எங்களுக்குப் பின்னால், எட்டத்தில், வெள்ளத்தைக் காலால் அடித்துக்கொண்டு நடந்து வந்தான். தூக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை. நானும் தூக்கவில்லை.